எட்டாவது பட்டாணி

என் தம்பி மனைவியைப் பற்றி யாராவது விசாரித்தால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். நான் அவளுக்கு நாத்தனார். ஆகவே நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்பது வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்திருக்கிறோம். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருக்கிறோம். அவளை என் அளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது, அவளைக் கட்டிக்கொண்ட என் தம்பியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாங்கள் வேலை பார்த்தது ஓர் எக்ஸ்ரே நிலையத்தில். அவள் எக்ஸ்ரே எடுப்பவள். நான் ரிப்போர்ட் அடிப்பவள். டாக்டரம்மா திரையில் படத்தைப் பார்த்து வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் அடிப்பேன். பதினாலு வருஷம். 'எலும்பு முறிவு எதுவும் இல்லை' என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடிப்பேன். 'மேற்கொண்டு பரிசோதனை தேவை' என்பதை மட்டும் இன்றுவரை என் விரல்கள் மெதுவாகத்தான் அடிக்கின்றன. அதைப் படிக்கப் போகிறவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். சிலர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவார்கள், ஆளே பாதியாகி. சிலர் வருவதே இல்லை. இந்த வேலையில் பயம் என்பது எனக்குப் புதிதல்ல என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அடுத்தவர்களுடைய பயம்.

தம்பி மனைவிக்கு ஒரு கிறுக்கு உண்டு. கடைக்குப் போனால் காயை அழுத்திப் பார்க்க மாட்டாள், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். கடைக்காரர் முறைப்பார். "ஏம்மா, அது வெங்காயம். முட்டை இல்ல" என்று நான் சொல்வேன். அவள் காதில் விழாது.

எல்லாம் ஒரு செருப்பில் ஆரம்பித்தது. காலை உடைத்துக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண் மெஷினைப் பார்த்து ஊரைக் கூட்டினாள். தம்பி மனைவி அவள் செருப்பைக் கழற்றி மெஷினுக்கு அடியில் வைத்து ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினாள். செருப்புக்குள் இருந்த ஆணிகளும் பக்கிளும் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. "உன் செருப்புக்கு வலிச்சுதா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் காலை நீட்டினாள். அன்று மாலையே இவள் ஒரு குடைமிளகாயோடு வந்து நின்றாள்.

அதற்கப்புறம் நிறுத்தவே முடியவில்லை. பூண்டு, சங்கு, அலாரம் கடிகாரம், சாவிக்கொத்து, உடைந்த குடை. நோயாளி பெயர் பதியாமல் அந்த மெஷின் வேலை செய்யாது. ஆகவே கம்ப்யூட்டரில் 'தக்காளி, பெண், வயது இரண்டு நாள்' என்று பதிவாள். நானும் சும்மா இருக்க மாட்டேன். "தக்காளிக்கு எலும்பு இல்லை. உறவினர்கள் கவலைப்படத் தேவையில்லை" என்று ஒரு ரிப்போர்ட் அடித்துப் படத்தோடு பின் பண்ணி வைப்பேன். ஒருநாள் அது டாக்டரம்மா கையில் சிக்கியது. செத்தோம் என்று நினைத்தேன். அந்த அம்மா சிரித்தார். பதினாலு வருஷத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றுதான்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை நோயாளிகள் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம், நன்றாக வந்ததைக் காத்திருப்போர் அறையில் மாட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை.

"உயிருள்ளது எதுவும் கூடாது. ஓர் எறும்பு கூட. டாக்டர் சீட்டு இல்லாம ஒரு மனுஷ விரல் அந்த மெஷினுக்கு அடியில போச்சுன்னா, அன்னிக்கே நீ வீட்டுக்குப் போகலாம். உன் லைசென்சும் போகும், என்னுதும் போகும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்றாள்.

அறை முழுக்கப் படம் மாட்டினாள். வந்தவர்கள் உட்கார்ந்து இது என்ன, அது என்ன என்று பந்தயம் கட்டினார்கள். முட்டைக்கோஸைப் பார்த்து மூளை என்று பயந்துபோன ஒரு தாத்தாவும் உண்டு. எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. "இதுல அப்படி என்னத்தைக் கண்ட?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்ணி, வெளிய பார்த்தா எல்லாம் சும்மா கிடக்கற மாதிரி இருக்கு. உள்ள பார்த்தா எவ்வளவு வேலைப்பாடு! யாருக்கும் காட்டணும்னு செஞ்ச மாதிரியே இல்ல. அதான் பிடிச்சிருக்கு" என்றாள். நான் எழுந்து ரிப்போர்ட் அடிக்கப் போய்விட்டேன். வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

என் தம்பி பிளம்பர். நிலையத்தின் பின்னறையில் சிங்க் ஒழுகுகிறது என்று மதியம் வந்திருந்தான். இவள் பச்சைப் பட்டாணிக் காய் ஒன்றை மெஷின் மேஜையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக வைத்தால் மொட்டையாக இருக்கிறது என்றாள். ஒரு கை அதைப் பிடித்திருந்தால், விரல் எலும்புக் கணுக்களும் பட்டாணிகளும் வரிசை வரிசையாக ஒன்றோடு ஒன்று பேசுகிற மாதிரி இருக்கும் என்றாள். நான் அப்போதே கூடாது என்று அடித்துப் பேசியிருக்க வேண்டும். "உன் கையையே வையேன்" என்று கிண்டலாகச் சொன்னேன். சொன்னது நான்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை.

"என் கை வச்சா ஸ்விட்சை யாரு அமுக்கறது?" என்றாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"என்னங்க, ஒரே ஒரு நிமிஷம் இந்தக் காயைப் பிடிங்களேன்."

"சமைக்கவா?"

"படம் எடுக்க."

"எடு எடு. என் கை அழகை ஊர் பார்க்கட்டும்" என்று வலது கையை மேஜையில் விரித்தான். விரல்களுக்குக் குறுக்கே காயை வைத்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் ஸ்விட்சை அமுக்கினாள். ஒரு நொடிதான். நோயாளி பெயர் 'பட்டாணி', வயது நாலு நாள். டாக்டரம்மா சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மெஷினிலிருந்து அழித்துவிட்டாள். தம்பி சிங்க்கை முடித்துவிட்டு, பட்டாணியை உரித்துத் தின்றுகொண்டே போனான்.

அன்றிலிருந்து மூன்று நாள் மாலையும் வீட்டில் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தாள். படங்களைச் செய்வதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் இருக்கும் இல்லையா, அதை அப்படியே தலைகீழாக்குவாள். எலும்பு கறுப்பாகும், பின்னணி வெள்ளையாகும். பார்த்தால் மையில் வரைந்த மாதிரி இருக்கும், ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. பிறகு எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே கூட்டுவாள், வேண்டாத இடத்தில் குறைப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அதைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து என் மேஜைமேல் விரித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அதுவரை அவள் எடுத்ததிலேயே அதுதான் அழகு. கறுப்பு விரல்கள். குறுக்கே கண்ணாடி மாதிரிக் காய். அதற்குள் பட்டாணிகள். மோதிர விரலின் அடி எலும்பில் மட்டும் ஒரு வட்டம், உள்ளேயிருந்து விளக்கேற்றினதுபோல.

"இது எப்படி வந்துச்சு?" என்று அதைத் தொட்டுக் கேட்டேன்.

"ஒரு பட்டாணி காயிலேருந்து விலகி விரலுக்கு அடியில போயிருக்கு அண்ணி. அதுதான் படத்துக்கே உயிர். அதை மட்டும் ஒரு சாயந்தரம் முழுக்க உட்கார்ந்து வெளிச்சம் ஏத்தினேன்."

அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்ததில்லை. நானும் வழக்கம்போல ரிப்போர்ட் அடிக்க உட்கார்ந்தேன். 'நோயாளிக்கு மொத்தம் இத்தனை குழந்தைகள், அனைவரும் நலம்' என்று போடலாம் என்று பட்டாணிகளை எண்ணினேன். காய்க்குள் ஏழு. மூடின காய். எந்தப் பக்கமும் வெடிக்கவில்லை, விரியவில்லை. அப்படியானால் எட்டாவது எங்கிருந்து வந்தது?

விளையாட்டாகத்தான் கேட்டேன். "ஏம்மா, காய் மூடியிருக்கே. இது எந்த வழியா வெளிய வந்துச்சு?"

அவள் குனிந்து படத்தையே பார்த்தாள். பென் டிரைவை எடுத்து என் கம்ப்யூட்டரில் செருகினாள். இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாவது தடவைதான் உள்ளே போனது. தலைகீழாக்காத, கை வைக்காத அசல் படத்தைத் திறந்தாள்.

பட்டாணி எலும்புமேல் கிடந்தால் அசல் படத்தில் அந்த இடம் இன்னும் வெள்ளையாகத் தெரிய வேண்டும். இது கறுப்பு. எலும்பின் மேல் எதுவும் இல்லை. எலும்புக்கு உள்ளேதான் எதுவோ இல்லை. அரித்து எடுத்த மாதிரி ஒரு குழி, சுற்றிலும் நகம்போல மெல்லிய ஓடு.

ஒன்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ரோட்டில் போகிற யார் கையாக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் அந்த மூன்று நாளும் எக்ஸ்ரே பார்க்கவில்லை, படம் பார்த்தாள். புருஷன் கையில் இருந்த ஓட்டையை அழகு என்று நினைத்து உட்கார்ந்து உட்கார்ந்து மெருகேற்றியிருக்கிறாள்.

அந்த மாதிரிப் படத்துக்கு டாக்டரம்மா என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். என் கை எத்தனை தடவை அடித்திருக்கிறது. அந்த வரிகள் ஒவ்வொன்றாகத் தலைக்குள் தானாக ஓடின. ஓடாதே என்றால் நிற்குமா? தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. தலைவலி என்றுகூட ஒருநாள் படுத்தவன் இல்லை.

"வா, மேடம் கிட்ட போகலாம்" என்றேன்.

"வேண்டாம் அண்ணி!" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சீட்டு இல்லாம எடுத்தேன். வேலை போயிடும், லைசென்ஸ் போயிடும். அப்புறம் இவருக்கு வைத்தியம்னு ஒண்ணு வந்தா எதை வச்சுப் பார்க்கறது? ரெண்டு நாள் குடுங்க. யோசிக்கறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது. இப்போது யோசித்தால், வேலை போகும் என்பதெல்லாம் மேலுக்குத்தான். டாக்டரம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் அது உண்மையாகிவிடும். அதுவரைக்கும் வெறும் படம். அவளுக்கு அந்தப் பயம். எனக்கும் அதே பயம், அதனால்தான் தலையை ஆட்டினேன். படத்தைச் சுருட்டிப் பழைய பிலிம் உறைகளுக்கு நடுவில் செருகினோம்.

அந்த இரண்டு நாள் ஐந்து நாளாயிற்று. எப்படிக் கழிந்தது என்று கேட்காதீர்கள்.

சனிக்கிழமை ஒரு யோசனை சொன்னாள். தம்பியை வேறு டாக்டரிடம் அனுப்பி, விரல் வலிக்கிறது என்று சொல்ல வைத்து, முறையாக ஒரு சீட்டு வாங்கிவிட்டால்? நல்ல யோசனைதான். ஆனால் வலிக்காத விரலை வலிக்கிறது என்று அவன் ஏன் சொல்வான்? "உன் விரல் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கே" என்று நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். "அக்கா, உனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றான். கதவிடுக்கில் அவன் விரலை நசுக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் எனக்குத் தோன்றியது. சிரிக்காதீர்கள், கதவு வரைக்கும் போய்விட்டேன். அப்புறம்தான் அந்த மெல்லிய ஓடு ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மாடியில் தண்ணீர்க் குழாயைப் பிரித்துப் போட்டான். ரெஞ்சைப் பிடித்து மூச்சுக்கட்டித் திருகுகிற சத்தம் கீழே என் அடுக்களைக்குக் கேட்டது. ஒவ்வொரு திருகலுக்கும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மேலே அவள், "விடுங்களேன், யாரையாவது கூப்பிடலாம்" என்று கத்தினாள். "பிளம்பர் வீட்டுக்குப் பிளம்பரைக் கூப்பிடவா? மானம் போயிடும்" என்று அவன் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை முட்டியது.

நாங்கள் இரண்டு பேரும் அவன் கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்தது. அவள் சாப்பாட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் அவனோடு பேசும்போது சுவரைப் பார்த்துப் பேசினேன். எங்களுக்குள்ளும் ஒத்துவரவில்லை. "சொல்லித் தொலை" என்று நானும், "நாளைக்கு" என்று அவளுமாகப் படிக்கட்டில் நின்று கிசுகிசுத்துச் சண்டை போட்டோம். அவன் தலை தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டோம்.

திங்கட்கிழமை மாலை அவன் வேலை முடிந்து வந்தான். கருவிப் பெட்டி இடது கையில் இருந்தது. எப்போதும் வலது கையில்தான் தூக்கி வருவான். வலது கை பேன்ட் பையில் இருந்தது. கதவருகே என்னைப் பார்த்து நின்றான், ஏதோ சொல்ல வந்த மாதிரி. ஏன்டா இடது கையில் தூக்கிட்டு வர்ற என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததை நானும் சொல்ல வேண்டிவரும். "சாப்பிடப் போ, அவ காத்துட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே மடித்து வைத்த துணி.

வேலையிலும் அவளால் நிற்க முடியவில்லை. யாராவது கையை நீட்டினாலே வெலவெலத்துப் போவாள். புதன்கிழமை ஒரு பெரியவருக்கு வலது முழங்கைக்குப் பதில் இடது முழங்கையைப் படம் எடுத்துவிட்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் செய்த முதல் தப்பு. டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

"உனக்கு என்ன ஆச்சு? ஒரு வாரமாப் பார்க்கறேன், நீ இங்கயே இல்ல."

அவ்வளவுதான். அவள் நின்றபடியே உடைந்துபோனாள். பென் டிரைவை மேஜைமேல் வைத்துவிட்டு, "மேடம், சீட்டு இல்லாம ஒரு கை எடுத்தேன்" என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மிச்சத்தை நான் சொன்னேன். பட்டாணி, செவ்வாய்க்கிழமை, என் கிண்டல், எல்லாவற்றையும். டாக்டரம்மா கத்துவார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். அவர் படத்தைத் திறந்து மோதிர விரலைப் பெரிதாக்கினார்.

"மத்ததை அப்புறம் பேசறேன்" என்றார். "அவர் இப்போ எங்க இருக்கார்? உடனே வரச் சொல்லு."

நான்தான் போன் செய்தேன். உண்மையைப் போனில் சொல்லத் துணிச்சல் இல்லை. "சிங்க் மறுபடி ஒழுகுதுடா, உடனே வா" என்றேன். இருபது நிமிடத்தில் வந்தான், இடது கையில் பெட்டியோடு. நேராகப் பின்னறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தான். "சொட்டுக்கூட ஒழுகலயே, யார் சொன்னது?" என்று அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது.

"உன் கையை ஒரு படம் எடுக்கணும்டா" என்றேன்.

"மறுபடி பட்டாணியா?" என்றான்.

டாக்டரம்மா முறையாகச் சீட்டு எழுதினார். எக்ஸ்ரே எடுக்க வேறு ஆள் இல்லை, தம்பி மனைவிதான் எடுக்க வேண்டும். அவன் முதலில் இடது கையை நீட்டினான். அவள் தலையை ஆட்டினாள். மெதுவாகப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்து மேஜையில் வைத்தான். மோதிர விரல் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. அவள் அதைத் தொட்டு நேராக்கப் போனாள். "ஆ!" என்று பல்லைக் கடித்தான். அவள் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று, ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்த பிறகுதான் என் தம்பி முகத்தில் பயம் வந்தது. அதுவரை அவனுக்கு அது அடிபட்ட விரல்தான்.

"கையை ஆட்டாதீங்க" என்றாள். குரல் மட்டும் எப்படியோ நடுங்கவில்லை.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் தட்டச்சு மேஜையில் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும், அதுதான் என் வேலை. அவர் எங்கள் பக்கம் திரும்பி முதலில் வாயால் சொன்னார்.

"இது கெட்ட கட்டி மாதிரி தெரியல. கை எலும்புல சாதாரணமா வர்ற ஒண்ணு. பல பேருக்கு இருக்கறதே தெரியாது. சுரண்டி எடுத்து, எலும்பு வச்சு அடைச்சுடலாம். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவாங்க, எனக்கு அதுல பெரிய பயம் இல்ல."

தம்பி மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடவுளே, கடவுளே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை.

"இருங்க, இன்னும் முடியல" என்றார் டாக்டரம்மா. பேனா முனையால் முதல் படத்தைத் தொட்டார். "போன வாரம். ஓடு மெல்லிசுதான், ஆனா முழுசா இருக்கு." பேனா இரண்டாவது படத்துக்கு நகர்ந்தது. அந்தக் குழியின் விளிம்பிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு மூட்டு வரைக்கும் போயிருந்தது. "இது இன்னிக்கு. ஒடிஞ்சிருக்கு, மூட்டு வரைக்கும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு கட்டுப் போட்டு, கனமான வேலை செய்யாதன்னு சொல்லியிருக்கலாம். இனிமே இந்த விரல் முழுசா மடங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

நான் அடித்தேன். 'புதிதாக ஏற்பட்ட எலும்பு முறிவு.' என் தம்பியின் விரலைப் பற்றி நானே அடித்தேன். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிட்டார்கள். விதியை மீறியதற்கு டாக்டரம்மா கொடுத்த குறைந்தபட்சத் தண்டனை அது, லைசென்ஸ் மேல் கை வைக்கவில்லை. சோதனை முடிவும் நல்லபடியாகவே வந்தது. வேறு ஊர்ப் பக்கம் இருக்கிற ஒரு நிலையத்துக்கு இப்போது பஸ்ஸில் போய்வருகிறாள். தம்பிக்கு விரல் பாதிதான் மடங்குகிறது. ரெஞ்சை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். படங்களைக் காத்திருப்போர் அறையிலிருந்து அவளே கழற்றிக்கொண்டு போனாள். வெங்காயத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை, ஆனால் முன்போல ரசித்துப் பார்ப்பதில்லை. ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

நான் சொல்ல வந்தது அன்றைக்கு டாக்டரம்மா எழுந்து போன பிறகு நடந்ததை. அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். தம்பி திரையில் இருந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது எப்போ உனக்குத் தெரிஞ்சது?" என்று அவளைக் கேட்டான்.

"வெள்ளிக்கிழமை" என்றாள் தரையைப் பார்த்தபடி.

"உனக்கும் தெரியுமாக்கா?"

"தெரியும்டா."

கத்தப் போகிறான் என்று நினைத்தேன். கத்தட்டும், இரண்டு அறை வேண்டுமானாலும் அறையட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவன் மறுபடி திரையைப் பார்த்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"உனக்கு எப்போடா ஒடிஞ்சுது?"

"முந்தாநாள் காலைல. ரெஞ்ச் இறுக்கறப்போ டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. உயிரே போற மாதிரி வலி."

"ரெண்டு நாள் அந்த வலியோட நடமாடினியா? வாயில என்ன வச்சிருந்த? ஏன்டா சொல்லல?"

அவன் வீங்கின கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான்.

"சொல்லத்தான் வந்தேன். நீ சுவரைப் பார்த்துப் பேசின. மேல போனா இவ சாப்பாட்டை வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பி அழுதா. ரெண்டு பேரும் எதுக்கோ பயந்துபோய் இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. என் விரலையும் காட்டி இன்னும் பயமுறுத்த வேண்டாம், உங்க பயம் தெளிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்" என்றான்.